நீல டிரம்மில் ஓடிய எஞ்சின்

6-1-2008
விஜயராணி போன் செய்தாள். மாப்பிள்ளை பாண்டித்துரையின் படகு இன்றும் கடைசியாகத்தான் கரை சேர்ந்ததாம். ஏலம் முடிந்த பிறகு மீனை வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். பழைய எஞ்சின். ஆயுதபூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும் ஆகும்.

கல்யாணப் பந்தியில் ‘புது எஞ்சின் என் பொறுப்பு’ என்று வாய்விட்டவன், திருப்பூரில் பனியன் துணி வெட்டும் நான்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா குருசாமி, “பனியன் வெட்டுற கத்திரியில ஓடுற எஞ்சினா சம்பந்தி?” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

9-1-2008
வாங்கிவிட்டேன்! நாற்பது குதிரைத்திறன். கயிறு இழுத்துத் தோள் வலிக்க வேண்டாம். பொத்தானைத் தொட்டால் போதும். புகை குறைவு. மணல் தட்டும் இடத்தில் எஞ்சினைத் தூக்கிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது சிவப்புக் கயிறு. அதை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்ட வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். மகளைக் கொடுத்தவனுக்கு வேகத்தைவிட அதுதான் பெரிது.

10-1-2008
தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. பெருமை தாங்காமல் எஞ்சினைப் பெஞ்சில் பூட்டிப் பொத்தானில் விரல் வைத்தேன். வீட்டுக்கார அம்மா மருதாள் கேட்டார்: “ஏனுங்க, தண்ணியில்லாம ஓட்டுனா போர் மோட்டாரே வெந்து போகுமுங்க. இதுக்குத் தண்ணி வேண்டாங்களா?”

வேண்டும். கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நான்தான் தலையாட்டிக்கொண்டே விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருதாள் வீட்டு நீல டிரம்மில் நீர் நிரப்பி, அதற்குள் எஞ்சினை இறக்கினோம். என்ன உறுமல்! தண்ணீர் எகிறி எல்லாரும் நனைந்தோம். திருப்பூருக்கும் கடல் வந்துவிட்டது.

12-1-2008
எஞ்சினைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, மகள் ஊருக்கு லாரியில் ஏற்றினேன். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொதிந்து அனுப்பியதில்லை.

17-1-2008
பொங்கலுக்கு மகள் வீட்டுக்கு வந்தவன், இன்று மாப்பிள்ளையோடு நானும் கடலுக்குப் போனேன். திரும்பும்போது குருசாமி படகு முன்னால். மாப்பிள்ளை ஆசையாக என்னை ஓட்டச் சொல்லிச் சிவப்புக் கயிற்றை என் கையில் மாட்டினார். கொஞ்ச தூரம்தான். வாந்தி எடுக்கச் சாய்ந்தேன், கயிறு பிடுங்கிக்கொண்டது, எஞ்சின் நின்றது. குருசாமி கையசைத்துவிட்டுப் போகிறார். அடப்பாவி, நானே கெடுத்துட்டேனே—

“அட, கயிறுதான் மாமா. கையக் குடுங்க.” மாட்டிவிட்டு, பொத்தானைத் தொட்டார். படகு மூக்கைத் தூக்கியது. கரைக்கு முன்பே குருசாமியைத் தாண்டினோம். ஏலத்தில் முதல் கூடை எங்களுடையது. விஜயராணி உட்காரவில்லை. நின்று விலை பேசினாள்.

20-1-2008
திருப்பூர். கட்டிங் டேபிள் இன்னும் அலைபோல ஆடுகிறது. குருசாமி போன் செய்தார். மழை, பொங்கல், என் வயிறு எல்லாம் விசாரித்தார். கடைசியில் குரலை இறக்கி, “சம்பந்தி, அந்தக் கடை எங்க இருக்கு?” என்றார்.

டிரம்மை மருதாளிடம் இன்னும் திருப்பித் தரவில்லை. நல்லதாகப் போயிற்று, அடுத்த எஞ்சினுக்கும் ஆகும்.