அப்பா பின்னால் கை காட்டியது எதற்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால்தான் காகிதம். இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்துபோய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கார் நடுவழியில் நிற்கிறது என்று சொன்னேனே, அது ஒன்றரை மாதக் கூத்து. புதனும் சனியும் அப்பாவைக் கைகால் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். கிளம்பும்போது சமர்த்தாகக் கிளம்பும், கால் மணி நேரம் ஓடும், தபாலாபீஸ் திருப்பம் வந்ததும் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துவிடும். அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். நம் 'ஒரே நிமிஷம்' மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டேன், ஒரே நிமிஷம் என்று சொல்லிவிட்டு அரை நாள் எடுப்பாரே, அவரேதான். என்ஜினுக்குப் பெட்ரோல் ஒழுங்காக வரவில்லை என்றார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், வடிகட்டியை மாற்றினார், குழாயில் காற்று ஊதினார், கடைசியில் பம்பையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவார், "இனிமே குதிரை மாதிரி ஓடும்க்கா" என்பார். அடுத்த புதன் அதே திருப்பத்தில் குதிரை படுத்துவிடும். உனக்கு ஒரு வயது மூத்த காரில்லையா, பிடிவாதமும் உன்னை விட ஒரு பங்கு அதிகம்.

வண்டி நிற்கிற ஒவ்வொரு முறையும் அப்பா இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் காட்டி, "ம், ம்" என்று சத்தம் போடுவார். வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு "சும்மா உக்காருங்க" என்று அதட்டுவேன். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு எவ்வளவு புரியும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரே கைவிரித்துவிட்டாரே, நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. அப்பா மறுபடியும் பின்னால் கை காட்டினார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, "வீடு அங்கதான் இருக்கு, இறங்கி நடந்து போங்க" என்று கத்திவிட்டேன். சொன்ன வாய் அழுகிப்போகட்டும். அவர் கதவைத் திறந்தார். காரைப் பிடித்துக்கொண்டு, வராத காலை இழுத்து இழுத்துப் பின்பக்கம் போனார். நான் பதறி ஓடுவதற்குள் டேங்க் மூடியின் மேல் கையை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார், ஒற்றைக் கைக்கு அது அசையவில்லை. நான் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

எல்லாம் என் கைவேலைதான். பெட்ரோல் வாடை அவருக்குக் குமட்டுகிறது என்று, சர்க்கரை டப்பாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவேனே, அதே மாதிரி டேங்குக்கும் போட்டு இறுக்கியிருந்தேன். மூடியில் இருந்த ஊசித் துளையையும் மெழுகு வைத்து அடைத்திருந்தேன். மெக்கானிக் பார்த்தபோதெல்லாம் உறையை எடுத்துவிட்டு, அவர் போனதும் திரும்பப் போட்டது நான்தான். மெக்கானிக் பிறகு சொன்னார், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வேண்டுமாம், போகாவிட்டால் பம்பு இழுத்தாலும் வராதாம். அப்பா அந்த உறையை வாங்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினார், பாதி வாயால் சிரித்தார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. மெழுகையும் சுரண்டி எடுத்தேன், வண்டி எங்கும் நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது.

எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒன்றரை மாதமாக அவர் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியானால் மற்றதும் அவருக்குப் புரிந்திருக்கிறது. போன மாதம் ஸ்பீக்கரில் நீ சொன்னாயே, "அப்பா எங்க இருந்தா என்னம்மா, அவருக்கு என்ன தெரியப் போகுது" என்று. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நானும் "ஆமாம்" என்றேன். உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை.

நேற்று நீ அனுப்பிய அந்த முதியோர் இல்லத்துப் படிவத்தை அவர் முன்னால் வைத்து, "அங்க போறீங்களா" என்று முதன்முதலாக அவரிடமே கேட்டேன். வெகு நேரம் படித்தார். பிறகு அதை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டார். கையெழுத்துப் போடாமல் இதனுடன் அனுப்பியிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்கு ஒண்டியாகச் சிரமம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளலாம்.

குட்டிக்கு வெந்நீரே கொடு. நீ வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அப்பாவிடம் பேசு. பதில் வரவில்லை என்று அவசரப்பட்டு வைத்துவிடாதே, கொஞ்சம் காத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா

கீழே கோணலாகக் கிறுக்கியிருப்பது அப்பா. இடது கையால் உன் பெயரை எழுதியிருக்கிறார்.