தாயும் பிள்ளையும் ஓட்டம்

கரைத்தீவு,
சனிக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பின் றஜிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது நீ உடல் சுகத்தோடும் மனச் சுகத்தோடும் இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே நானும் நம் பிள்ளை பஹ்மாவும் தங்கச்சி றைஸாவும் சுகம். அங்கே வேலை செய்யும் நம் ஊர்ச் சிபானா லீவு முடிந்து திங்கட்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் எடுத்தால் பிள்ளை மடியில் இருக்கிறாள், றைஸா பக்கத்தில் நிற்கிறாள், அங்கே நீ வேலை செய்யும் வீட்டு மேடம் உன்னைக் கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. சில கதைகளை அப்படிக் கதைக்க முடியாது.

இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. உப்பளத்தில் வேலையும் கூடிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பின்னேரம் களப்பு நீரிலிருந்து காற்று எழும்பினால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பட்டத்தோடு வெளியில்தான். பஹ்மாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உன்னிடம் போனில் வாயைத் திறக்காமல் கதைத்தது அதனால்தான், கோபத்தில் இல்லை.

போன ஞாயிறு இளைஞர் கழகம் பள்ளிக்கூட மைதானத்தில் குடும்ப விளையாட்டு நாள் வைத்தது. முன் மைதானம் ஆண்களுக்கு. பின்பக்கம் தென்னங்கிடுகால் மறைப்புக் கட்டிப் பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் விட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பள்ளிக்கூடத்து இஸ்ஹாக் சேர் ஒருவரே மைக்கில் அறிவித்தார். பனிஸ் சாப்பிடும் போட்டி, கரண்டியில் தேசிக்காய் ஓட்டம், கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைத்தல் எல்லாம் நடந்தது. ஐஸ்பழக்காரனுக்கு நல்ல வியாபாரம். சந்தோசமான நாள்தான், குறை சொல்ல முடியாது. பஹ்மாவைத் தேசிக்காய் ஓட்டத்துக்கு விடச் சொல்லி றைஸாவோடு பின்பக்கம் அனுப்பிவிட்டு நான் முன்பக்கம் நின்றேன்.

கலியாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் ஒரு பக்கம் என்று கயிறு இழுத்தோம். எங்கள் பக்கத்தில் நான்தான் கடைசி ஆள். நாங்கள் வென்றுகொண்டிருந்தோம். அந்த நேரம் ஸ்பீக்கரில் இஸ்ஹாக் சேரின் குரல் கேட்டது: "தாயும் பிள்ளையும் ஓட்டம். முதலாம் இடம், பஹ்மா ஸியாதும் அவருடைய உம்மாவும்."

றஜிதா, நீ வந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் சொல்லாமல் கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்து வந்து, கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய் என்றே நினைத்தேன். கை தளர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் முழுதும் மண்ணில் இழுபட்டு விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தேன்.

மறைப்பை விலக்கிக்கொண்டு வந்தது றைஸா. ஒரு கையில் பிள்ளை, மறுகையில் பரிசாகக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி. முகம் வெளுத்திருந்தது. தாய்மார் மைதானத்தின் அந்தக் கரையில் பிள்ளையின் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பிள்ளை ஓடிப்போனதும் அதன் காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு, கை பிடித்து இருவரும் திரும்பி ஓடிவர வேண்டும். உம்மா எங்கே என்று டீச்சர் கேட்டதும், பஹ்மா இவளை இழுத்துப் போய் வரிசையில் இருத்திவிட்டாளாம். தான் மாமி என்று றைஸா சொல்ல வாயெடுக்க முதல் விசில் அடித்துவிட்டது. "உம்மா எண்டு கத்திக்கொண்டு ஓடிவாற புள்ளைக்கு, நான் மாமியெண்டு எப்புடிச் சொல்ற நானா?" என்று அண்ணனாகிய என்னிடமே கேட்டாள். அந்தப் பெட்டியை அவள் அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். பிள்ளை கேட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்து, பஹ்மாவிடம் பதமாகக் கேட்டேன். "உம்மாக்கு ஓட ஏலாதே வாப்பா. அவ போனுக்குள்ளதானே ஈக்கிறா" என்றாள். அதில் கவலை ஒன்றும் இருக்கவில்லை. யாருடைய வீடு எங்கே இருக்கிறது என்று வழி சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் பட்டத்துக்கு வால் ஒட்டப் போய்விட்டாள். நீ போகும்போது அவளுக்கு மூன்று வயது. பிள்ளையில் பிழை இல்லை. றைஸாவிலும் நீ பிழை பிடிக்கக் கூடாது.

றைஸாவுக்குக் கலியாணத்துக்கு ஒரு இடம் பேசி வந்திருப்பதை உனக்கு இன்னும் சொல்லவில்லை. நெய்னார் என்று பெயர். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, பிறகு சொந்த ஊர் முசலிப் பக்கம் திரும்பிப் போய்க் குடியேறியவர். மனைவி மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தொழுகையாளி, அமைதியான மனுசன். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ் வைக்கலாம் என்கிறார்கள். சம்மதம் கேட்டபோது றைஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். முப்பத்தாறு வயதில் அவள் அப்படி வெட்கப்பட்டதைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது.

விளையாட்டு நாளுக்கு அடுத்த நாள் வந்து, "அந்த இடத்துக்கு ஏலாதெண்டு சொல்லுங்க நானா, இந்தப் புள்ளய உட்டுட்டு நான் எங்க போற?" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அது எப்படியோ நெய்னாரின் காதுக்குப் போயிருக்கிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டே வரட்டும், சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்க்கிறேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். ஊரில் எல்லாரும் அவர் நல்ல மனுசன் என்கிறார்கள். நல்ல மனுசன்தான். எனக்குத்தான் அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

மேடம் இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்வதாகப் போன மாதம் சொன்னாய். நிற்பதா வருவதா என்று என்னிடமே கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ அனுப்பும் காசில் கட்டுகிற வீடு முடிந்த மாதிரித்தான், றஜிதா. குசினிக்கு மட்டும் கதவு இல்லை. கதவு இல்லாமலும் சமைக்கலாம்.

பெருநாளுக்கு முன் நெய்னார் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் நான் எந்தப் பதிலும் சொல்ல மாட்டேன்.

வெயிலில் நிற்காதே. தண்ணீர் நிறையக் குடி. அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக. பயணம் புறப்படுகிறவர்களுக்காகக் கேட்கிற துஆவை இன்று சுபஹ் தொழுகைக்குப் பிறகு உனக்காகக் கேட்டேன். நீ இன்னும் அங்கே யாரிடமும் பயணம் சொல்லி விடைபெறவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

வஸ்ஸலாம்.

உன்
ஸியாத்