எப்பம்?

நாள் 311 — 08:10

நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். எழுதுவது ஜெசிந்தா மோத்தா, பனி ஆய்வாளர். நிலையத்தில் ஆள்: ஒருவர். உள்வெப்பம் 21 பாகை. காற்று சீர். துளைக்கருவி நான்கு மீட்டர் இறங்கியது. பனி இல்லை, தூசிதான்.

என்னை ஏற்றிப்போகும் கப்பல் வர இன்னும் பத்தொன்பது நாள். மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் அதை நொடி நொடியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ‘எப்பம்?’ என்று அந்தச் சின்ன நிரலுக்குப் பெயர். கிளம்பும் முன் இணையத்தில் சும்மா கிடைத்தது. எழுதியவர் ஆறுமுகநயினார், சங்கரன்கோவிலில் வீடு வீடாக மின் மீட்டர் பார்ப்பவர், நிரல் எழுதுவது பொழுதுபோக்கு என்று அதிலேயே போட்டிருந்தது. நேரத்தைக் கொடுத்தால் பின்னோக்கி எண்ணும். பூச்சியத்தில் ஒருமுறை மணி அடித்து, ‘நேரமாயிட்டு’ என்று காட்டிவிட்டு நிற்கும். அவ்வளவுதான். பத்து மாதமாக நான் அதிகம் பார்த்த முகம் அதுதான்.

நாள் 313 — 14:35

முதன்மைக் கணினி எரிந்தது. புகை. அணைத்துவிட்டேன். விளக்கு, வெப்பம், வானொலி மூன்றும் தனி இணைப்பு என்பதால் தப்பின.

தப்பாதது காற்று. நான் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை இரண்டு பெட்டிகள் மாறி மாறி உறிஞ்சுகின்றன. ஒன்று உறிஞ்சும்போது மற்றது வெளியே கக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வால்வைத் திருப்பி வேலையை மாற்ற வேண்டும். அதைச் செய்தது அந்தக் கணினி. இனி என் கை.

மஞ்சள் கட்டத்தில் நாற்பது நிமிடம் வைத்தேன். அடித்தது. திருப்பினேன். மறுபடி வைத்தேன்.

நாள் 315 — 09:20

இரண்டு நாளாக முப்பது நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. மணி அடிக்கிறது, எழுகிறேன், திருப்புகிறேன், நாற்பது வைக்கிறேன், விழுகிறேன். ஒருமுறை திருப்பினேனா இல்லையா என்று நினைவில்லாமல் வால்வின் முன்னாலேயே நின்றேன்.

பூமியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து என்னோடு பேசும் பொறியாளர் வஹிதா ஒரு வழி சொன்னாள். "அக்கா, வால்வு மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கணினியோட இயர்போன் கம்பியை வெட்டி, மோட்டார் சுவிட்சுல கோத்துடுங்க. மணி அடிச்சா வால்வு தானா திரும்பும்."

கோத்தேன். திரும்பியது. ஆனால் ஒருமுறைதான். அடுத்த நாற்பதை வைக்க நான் எழ வேண்டியிருக்கிறது. கடிகாரம் தானாகத் திரும்பத் தொடங்கினால் போதும். அதற்கு நிரலை மாற்ற வேண்டும். கோப்பு அனுப்பும் வழி முதன்மைக் கணினியோடு போய்விட்டது. குரல் மட்டும்தான் வருகிறது.

நாளை மறுநாள் பூமி அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். பதிமூன்று நாள் குரலும் இல்லை.

நாள் 317 — 10:05

வஹிதா: "அக்கா, கடிகாரம் எழுதுனவரைப் பிடிச்சிட்டோம். ஏதோ ஒரு வீட்டு வாசல்ல மீட்டர் பாத்துட்டு இருந்தாராம். அப்படியே வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

பிறகு ஓர் ஆண் குரல், மெதுவாக. "வணக்கம் மேடம். நான் ஆறுமுகநயினார். அது ஒரு ஆசைக்குச் செஞ்சது மேடம். வீட்டுக்காரி பிரசவத்துக்குப் போயிருந்தா, எப்பம் வருவான்னு எண்ணுததுக்கு. இதுல ஒரு உசுரு தொங்கும்னு தெரிஞ்சா ஒழுங்கா எழுதியிருப்பேன்."

முப்பத்தொரு வரி சேர்க்க வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். பூமி மறைய இரண்டு மணி நேரம் இருக்கிறது. நடுநடுவே நாற்பது நிமிடத்தையும் வைக்க வேண்டும்.

நாள் 317 — 12:15

பாதியில் கண் செருகியது. ஒன்பதாவது வரியை இரண்டு முறை அடித்திருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல மேடம், அழிங்க. திரும்பச் சொல்லுதேன்" என்றார். பதினெட்டாவது வரியிலிருந்து இரைச்சல் கூடியது. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை கேட்டேன்.

கடைசியாக வந்தது இது: "இருவத்தெட்டாவது வரி மேடம். இதுதான் முக்கியம். இதுலதான் அது திரும்பவும் மொதல்ல இருந்து—"

பிறகு இரைச்சல் மட்டும்.

நாள் 318 — 07:50

மீதி நான்கு வரியை நானே ஊகித்து எழுதினேன். ஓடவில்லை. மாற்றினேன். ஓடவில்லை. பதினொரு விதமாக எழுதிவிட்டேன். நான் பனி பார்க்கிறவள். ஒவ்வொரு தோல்விக்கும் நடுவில் எழுந்து, மணி இல்லாததால் கையாலேயே வால்வைத் திருப்புகிறேன். சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுவேன் என்று சாய்வதில்லை.

பதிமூன்று நாள் என்னால் முடியாது. இதைப் படிப்பவர் என் தம்பி லியோனிடம் சொல்லுங்கள், நான் பயப்படவில்லை, களைத்துத்தான் போனேன்.

நாள் 318 — 11:30

மாற்றியதையெல்லாம் எறிந்துவிட்டு, எடுத்து வைத்திருந்த பழைய நிரலைத் திறக்கப் போனேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை திறந்துவிட்டேன். திரையில் இரண்டு மஞ்சள் கட்டங்கள். ஒன்றை மூடப் போய், மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றில் நாற்பது நிமிடம் வைத்தேன். அடுத்ததில் எண்பது.

முதலாவது அடித்து வால்வு திரும்பியது. பிறகு இரண்டாவதும் அடித்தது, திரும்பியது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

பதிமூன்றாவது கட்டத்தைத் திறந்ததும் கணினி உறைந்தது. பன்னிரண்டு வரை தாங்குகிறது. பன்னிரண்டு நாற்பது, எட்டு மணி நேரம். நூற்றிருபது, நூற்றறுபது என்று ஒவ்வொன்றாக வைத்தேன். தவறில்லாமல் கூட்ட அரைமணி ஆனது. வஹிதாவுக்கும் தோன்றவில்லை, எழுதியவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் மூளை வேலை செய்யாமல் போன பிறகுதான் தோன்றியது.

படுக்கப்போகிறேன்.

நாள் 324 — 16:40

இயர்போன் கம்பி கழன்றுவிட்டது. தூக்கத்தில் என் கால் பட்டிருக்க வேண்டும். கண் விழித்தபோது தலை பிளந்தது, வாந்தி, மூச்சிரைப்பு. திரையில் ஒன்பது ‘நேரமாயிட்டு’. ஒன்பதும் வால்வுக்குக் கேட்காமலேயே அடித்து ஓய்ந்திருக்கின்றன. தவழ்ந்து போய்த் திருப்பினேன். எப்படி விழித்தேன் என்று தெரியவில்லை.

கம்பியை ஒட்டுநாடாவால் மேசையோடு சுற்றிவிட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே ஒவ்வொரு மணியாக எண்ணுகிறேன்.

நாள் 330 — 09:15

பூமி எழுந்துவிட்டது. பாதிதான் தெரிகிறது.

வஹிதா: "தென்முனை, கேக்குதா? அக்கா? அக்கா, பேசுங்க."

"இருக்கேன்" என்றேன். மூன்று நொடி கழித்து அங்கே பல பேர் கத்தும் சத்தம், நாற்காலி விழும் சத்தம். கப்பல் நான்கு மணி நேரத்தில் இறங்கும் என்றாள். பிறகு அவரிடம் கொடுத்தாள்.

ஆறுமுகநயினார்: "மேடம், அன்னைக்கு நீங்க மறைஞ்ச பொறவு திரும்ப ஓட்டிப் பாத்தேன். இருவத்தேழாவது வரியவே தப்பாச் சொல்லிட்டேன் மேடம். அது ஓடவே ஓடாது. ஓடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பதிமூணு நாளா இங்கனயே உக்காந்திருக்கேன். வீட்டுக்குப் போகச் சொன்னாவ. எந்த மூஞ்சியோட போவேன்?"

நான் சொன்னேன்: "உங்க புது வரி எதுவும் ஓடல. பழையதையே பன்னிரண்டு தடவை திறந்தேன்."

மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"பன்னெண்டா? அது எனக்குத் தோணலையே மேடம்."

நாள் 330 — 13:20

தரை அதிர்கிறது. கப்பல் இறங்கிவிட்டது. இரண்டு பேர் வருகிறார்கள், கதவுக்கு வர அரைமணி ஆகும் என்றார்கள். விண்வெளி உடுப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். கை கழுத்துவரை உயரவில்லை. பன்னிரண்டில் கடைசி மணி இப்போதுதான் அடித்தது, வால்வு திரும்பியது, காதால் கேட்டேன். புதிதாக எதுவும் வைக்கவில்லை, அடுத்த திருப்பத்துக்கு முழுதாக நாற்பது நிமிடம் இருக்கிறது. அவர்கள் வந்து தட்டுவார்கள். அதுவரைக்கும் கொஞ்சம் கண்ணை