வீடு என்று மலையைக் காட்டும் வண்டி

என் நைனாவுக்கு,

நம் வண்டிக்குள், நீ உட்காரும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சீட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கால் நீளம் எனக்கு வரவில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வண்டி இன்னமும் உன்னைத் தேடுகிறது. ஸ்டார்ட் செய்ததும் திரையில் உன் போன் பேர் வருகிறது. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றித் தேடுகிறது. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் என் போனைப் பிடிக்கிறது. உன் போன் பீரோவுக்குள் அணைந்து கிடக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? உன் பேரை எடுத்துவிட ரெண்டு அழுத்து போதும். தாலுகா ஆபீசில் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள் நான். எனக்கு அந்த ரெண்டு அழுத்து வரவில்லை.

நீ இந்தத் திரையோடு பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான் வருகிறது. போன் வந்தால் சத்தம் வண்டி ஸ்பீக்கரில் கேட்கும், சும்மா பேசினாலே போதும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? ஸ்டியரிங்கில் இருக்கும் பச்சைப் பொத்தானை அமுக்குவாய். அப்புறம் போனையும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அடுத்த கழனியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல் கத்துவாய். எதிர்ப்பக்கம் பேசுகிறவருடைய குடும்ப ரகசியமெல்லாம் எங்கள் காதில் விழும். பாட்டைக் குறைக்கப் போய் ஏசியை ஏற்றிவிடுவாய். வழி சொல்கிற பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னால், "ஆங், ஆங், தெரியுதும்மா, போய்கினுதானே இருக்கேன்" என்று தமிழில் பதில் சொல்வாய். அவளிடம் பேசிய மரியாதையில் பாதி எங்களிடம் காட்டியிருந்தால் நாங்கள் பூரித்துப் போயிருப்போம்.

திரையில் வீடு படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் அதை அமுக்கினால் அவரவர் வீட்டுக்கு வழி சொல்லும். நம் வண்டி மட்டும் திருத்தணி மலைக்கு வழி சொல்லும். மலைமேல் வண்டிகள் நிற்கிற இடத்தில் போய் நின்றால்தான், வீடு வந்துவிட்டது என்று அந்தப் பெண் ஓய்வாள். ஷோரூமிலிருந்து எடுத்த வண்டியை நம் வாசலுக்குக்கூடக் கொண்டுவராமல், நேராக மலைக்கு ஏற்றிப் பூஜை போட்டீர்கள் நீயும் அம்மாவும். அங்கேயே வீடு என்று பதிந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, உங்களோடு வரவில்லை.

உன் மாப்பிள்ளைக்கு அது தெரிந்ததும் விடுவாரா? "மாமாவுக்கு வூடு எதுன்னே மறந்துபோச்சு" என்று கேலி செய்தார். நீ அசரவில்லை. "நான்தான் மாப்ள வெச்சேன். சொந்த வூட்டுக்கு எவனாவது வழி கேப்பானா?" என்றாய். நான் மாற்றித் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாய். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத உங்கம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத" என்றாய். பொண்டாட்டிக்கு முன்னால் அசடு வழியக் கூடாது என்கிற வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

சென்னை ஆஸ்பத்திரியில், இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளாக உன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் எனக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுவதற்கு ஒரு ஆக்டிங் டிரைவரைப் பிடித்தோம். அவருக்கு நம் பக்கம் பழக்கமில்லை. முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று நீ கை காட்டினாய். சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து உட்கார வைத்தோம். "வழி எப்படி மேடம்?" என்று டிரைவர் கேட்டார். நான் பின்னாலிருந்து கையை நீட்டி, வீடு படத்தை அமுக்கினேன். "இது சொல்றபடியே போங்க" என்றேன். அத்தனை நாள் கேலி பேசிய விஷயம் அந்த நேரத்துக்கு அடியோடு மறந்துபோனது.

திருவள்ளூர் தாண்டியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் குரல் ஸ்பீக்கரில் வண்டி முழுக்க வந்தது. "கஞ்சி வெச்சிருக்கேன். வாசல்லயே நின்னுகினு இருக்கேன்" என்றாள். உனக்குப் பேச்சு அநேகமாக நின்றுவிட்டிருந்தது. "வந்துகினு இருக்கேன்" என்றாய். அன்றைக்கு நீ போனைக் காதில் வைத்துக்கொள்ளவில்லை, கத்தவும் இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. "ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வண்டி மலைமேல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கோபுரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "வீடு இங்கயா மேடம்?" என்றார். நான் அவரிடம் கத்திவிட்டேன். "ஐயா முழிச்சுட்டுதான் இருந்தாரு மேடம். கீழ திரும்பறப்பவே எனக்கு சந்தேகம். ஐயாகிட்ட கேட்டேன், போன்னு கை காட்டினாரு" என்றார் பாவம். நீ கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தாய். கை ரெண்டும் மடியில் சேர்ந்திருந்தன. கும்பிட்டாயா, வலியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாயா? வழி தப்பு என்று தெரிந்தேதான் போகச் சொன்னாயா, நைனா?

இறங்கும்போது வளைவில் ஒரு பஸ் திரும்ப முடியாமல் நின்று வழியை அடைத்துவிட்டது. நம் ஊர் கண்டிகைக்கு வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். அம்மா வாசலில்தான் நின்றிருந்தாள். "இன்னாடி இவ்ளோ நேரம்?" என்றாள். "மணவூர் பக்கமா சுத்திகினு வந்தோம்மா. ரயில் கேட்டு போட்டுட்டாங்க" என்றேன். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தாய். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விட்டாய்.

அம்மாவுக்கு உன்னோடு கிடைத்தது அந்த ரெண்டு மணி நேரம்தான். அவளுக்குச் சேர வேண்டிய முக்கால் மணி நேரத்தை நான் மலையில் விட்டுவிட்டு வந்தேன். அதற்கு மேல் பொய்யும் சொன்னேன்.

காரியம் முடிந்ததிலிருந்து அம்மா இந்த வண்டியில் ஏறவே இல்லை. "அது கொண்டாந்து சேத்த லட்சணத்தத்தான் பாத்தேனே" என்பாள். எங்கே போனாலும் பஸ், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. வண்டியோடு நான் போய் நின்றால் என்னையும் வண்டியையும் ஒரே மாதிரிதான் பார்ப்பாள். ரயில் கேட் கதையை அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கவும் மாட்டாள், விடவும் மாட்டாள்.

போன வாரம் அவளுக்கு அரக்கோணத்தில் கண் ஆபரேஷன். தூசி படக் கூடாது, பஸ் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் ஏறினாள். ஆபரேஷன் முடிந்து திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியோடு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். திருத்தணி கிட்டே வந்ததும், "அந்தப் பொண்ணு ஏன் பேசல?" என்றாள்.

"எந்தப் பொண்ணும்மா?"

"உங்க நைனா வாயாடிகினு வருவாரே, அந்தப் பொண்ணுதான். கேட்டு நாளாச்சு." சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். "வூட்டுக்குத்தானே போறோம். வூடு படம் இதானே?" என்று அமுக்கியும்விட்டாள்.

நம் ரோட்டுக்குப் போக வேண்டிய இடத்தில் அம்புக்குறி மலைப் பக்கம் காட்டியது. நான் பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். அது கிடக்கட்டும் என்று நம் ரோட்டில் போயிருக்கலாம். மிஷின் தப்பு என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். "அது இப்படிக்கா காட்டுது, நீ இன்னாத்துக்கு நிக்கற?" என்றாள் அம்மா. நான் அம்பு காட்டின பக்கமே திருப்பினேன். வளைவு ஏற ஏற அம்மா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேலே போய் நின்றதும் அந்தப் பெண் வந்தாயிற்று என்று சொன்னாள். நான் இஞ்சினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ ரயில் கேட்டு?" என்றாள்.

"பொய்ம்மா."

"முக்கா மணி நேரம்டி. கஞ்சிய மூணு தடவ சூடு பண்ணேன்."

அவள் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரு கோபுரத்தப் பாத்தாரா?" என்றாள். பாத்தாரும்மா என்றேன். "கையெடுத்துக் கும்புட்டாரா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. "தெரியலம்மா. கைய மடியில சேத்து வெச்சிருந்தாரு" என்றுதான் சொன்னேன்.

அப்புறம்தான் அவள் திரையையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். திரையும் சட்டமும் சேருகிற இடுக்கில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? வண்டி கழுவுகிற இடத்தில் அதைத் துடைக்க வந்தால் நீ விடமாட்டாய். அம்மா அந்த இடத்தை விரலால் தொட்டாள்.

"இது நான் வெச்ச பொட்டு" என்றாள். "பூஜை அன்னிக்கு குருக்கள் ஸ்டியரிங்குக்கு வெக்கச் சொன்னாரு, கண்ணாடிக்கு வெக்கச் சொன்னாரு. இத மட்டும் விட்டா எப்படின்னு இதுக்கும் ஒண்ணு வெச்சேன். டிங்குன்னு சத்தம் வந்து இன்னாவோ எழுத்து வந்துச்சு. பயந்துபோய் தொடைக்கப் போனேன், இன்னொரு டிங். உங்க நைனா எட்டிப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, நீ எறங்கு, தேங்கா ஒடைக்கலாம்னாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி தனம், இத வூடுன்னு வெச்சது நானா?"

நைனா, நான்தான் வெச்சேன், நான்தான் வெச்சேன் என்று மாப்பிள்ளையிடமும் என்னிடமும் எத்தனை தடவை கேலி வாங்கிக் கட்டிக்கொண்டாய்! அம்மாவிடம் சொல்லாதே என்றது அவளுக்காகத்தானா? உன் வீம்பு என்று நினைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

"அப்போ அவர மலைக்கு அனுப்பினது நான்தான்" என்றாள் அம்மா. "நீ இல்லம்மா, அன்னிக்கு அமுக்கினது நான்" என்றேன். தப்பு என்னுது, தப்பு என்னுது என்று வண்டிக்குள் உட்கார்ந்து ரெண்டு பேரும் சண்டை போட்டோம். நீ இருந்திருந்தால் நடுவில் புகுந்து அதையும் நான்தான் வெச்சேன் என்று வாங்கிக்கொண்டிருப்பாய். அம்மா அழ ஆரம்பித்தாள். அழக் கூடாதும்மா, கண்ணு கெட்டுப்போயிடும் என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். எட்டு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் என் தோளில் சாய்ந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மாத்திடு" என்றாள். நைனா ஞாபகமாக இருக்கட்டுமே என்று இழுத்தேன். "வூடுன்னா வூட்டுக்கு வரணும்டி. வாசல்ல நின்னுகினு காத்துகினு இருக்க இனிமே என்னால ஆவாது" என்றாள். சரிம்மா என்றேன்.

மறுநாள் காலையில் வண்டியை நம் வாசலில் நிறுத்தி, இந்த இடமே வீடா என்று திரை கேட்கிற வரைக்கும் கொண்டுவந்தேன். அம்மா உள்ளே போய் சம்புடத்தில் திருநீறு எடுத்துக்கொண்டு வந்தாள். குங்குமத்தை அவளாகத்தான் தொடவில்லை. விரலில் திருநீறு தொட்டு, எங்கே என்று கேட்டு, ஆமாம் என்ற இடத்தில் வைத்தாள். டிங். உறுதியா என்று திரை கேட்டது. இன்னொரு தடவை வைத்தாள். நம் வண்டிக்கு இப்போது வீடு தெரியும், நைனா.

உன் போன் பேரை மட்டும் எடுக்க மாட்டேன். வண்டி தினமும் ஒரு தடவை உன்னைத் தேடிவிட்டே கிளம்பட்டும். கிருத்திகைக்குக் கிருத்திகை அம்மாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அதற்கு அந்தப் பெண் வழி சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். அம்மாவிடம் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்றைக்கு மறுபடியும் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். அம்மா கதவைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருக்கிறாள். இதோ, அவளாகவே முன் கதவைத் திறக்கிறாள்.

உன் மூத்த பொண்ணு,
தனம்