எதிர்க்காற்று

ஆகஸ்ட் 3, சனி

இந்தக் கால்பந்து சீசனின் முதல் ஆட்டமே தோல்வி. அதுவும் சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கி. புது மேனேஜர் என் தம்பி ஸ்ட்ரூவன். கேப்டன் என் புருஷன் லாக்லன். ஊரில் யார் யாரைத் திட்டினாலும் என் காதில்தான் வந்து விழுகிறது. பஸ் ஓட்டுகிறவள் எங்கே ஓடி ஒளிவது? "உங்க குடும்பமே சேர்ந்து கிளப்பை ஊத்தி மூடிடுவீங்க போல" என்று ஒரு கிழவர் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 19

எங்கள் மைதானத்தில் காற்று எப்போதும் துறைமுகப் பக்கமிருந்துதான் அடிக்கும். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் எதிர்க்காற்றில் ஆடுவோம். இரண்டாம் பாதியில், எதிரணி களைத்த நேரத்தில், காற்று நம் முதுகைத் தள்ளும். எங்கள் ஊர் போர்ட்கெல்டியில் என் அப்பா ஆடிய காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இன்று ஸ்ட்ரூவன், "காத்தை முதல்லயே எடுத்துக்க மச்சான், கால்ல தெம்பு இருக்கும்போதே கோல் போட்டுடலாம்" என்றானாம். லாக்லனும் தலையை ஆட்டியிருக்கிறான். இடைவேளையில் 2-0. முடிந்தபோது 2-3.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டால், "காத்துக்கு நம்ம அப்பாவைத் தெரியுமாக்கா?" என்கிறான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

நவம்பர் 30

லாக்லன் மேனேஜர் பேச்சைக் கேட்காமல் பழையபடி எதிர்க்காற்றை எடுத்தான். ஜெயித்தோம். ஸ்ட்ரூவன் அவனுக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. போகட்டும்.

ஜனவரி 11

மைதானம் உறைந்து கிடக்கிறது, ஆட்டம் ரத்து. இந்த வாரமாவது தோற்கவில்லை.

பிப்ரவரி 15

லாக்லனை வெளியே உட்கார வைத்துவிட்டான். கேப்டன் பட்டையையும் வேறு ஒருவனுக்குக் கட்டிவிட்டான். என் கூடப் பிறந்தவன்! போனில் கத்தினேன்.

"நான் சொல்றதைக் கேக்கறவன்தான் எனக்கு வேணும்க்கா. அது உன் புருஷனா இருந்தாலும் சரி."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லி வைத்துவிட்டேன். லீக்கில் கடைசி இடத்தில் இருக்கிறோம். எக்கேடோ கெட்டுப் போ என்று அவனைச் சொல்லலாம். கிளப்பை எப்படிச் சொல்வது?

மே 10

கடைசி இடத்திலேயே முடித்தோம். இனி கீழ் லீக்கில் ஜெயித்து வந்தவர்களோடு இரண்டு ஆட்டம். இரண்டும் சேர்த்துத் தோற்றால் அவர்கள் மேலே வருவார்கள், நாங்கள் கீழே போவோம். இன்று அவர்கள் ஊரில் 1-1. கீழே போன கிளப்புகள் திரும்பி வருவது லேசில்லை.

மே 14

மானத்தை விட்டு ஸ்ட்ரூவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். லாக்லனை ஆடவிடு என்றேன்.

"கேப்டனாவே ஆடட்டும். ஆனா டாஸ் ஜெயிச்சா காத்தை முதல்ல எடுக்கணும். சொல்லிடுறியா?"

"சொல்றேன்."

சொல்லவில்லை. சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

மே 17

எங்கள் மைதானத்தில் பேய்க்காற்று. டாஸ் ஜெயித்த லாக்லன் ஓரத்தில் நின்ற ஸ்ட்ரூவனைப் பார்த்தான். அவன் காற்றை எடு என்று ஊர்ப் பக்கம் கை காட்டினான். லாக்லன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்று, எதிர்க்காற்றை எடு என்று துறைமுகப் பக்கம் கை நீட்டினேன். லாக்லன் அந்தப் பக்கம் பார்த்து ஆடுவதையே கேட்டு வாங்கினான்.

முதல் பாதி முழுக்க எதிர்க்காற்றில் முட்டி மோதி ஒரு கோலும் விடவில்லை. இடைவேளையில் மழை பிடித்தது. காற்று நின்றது. அடியோடு நின்றுவிட்டது, பாவி! பையன்கள் காலில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் ஒரு கோல் விழுந்தது. 0-1. கீழே போய்விட்டோம்.

"எந்த முட்டாள்டா எதிர்க்காத்துல ஆடச் சொன்னது?" என்று எல்லாரும் ஸ்ட்ரூவனைப் பார்த்துக் கத்தினார்கள். அக்டோபரில் காற்றை முதலில் எடுத்ததற்கு அவனைத் திட்டிய அதே வாய்கள்! அவன் பத்திரிகைக்காரர்களிடம், "முடிவு என்னோடது. கேப்டனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை. இந்தப் பெரிய மனுஷத்தனத்தை இவனிடம் யார் கேட்டது? ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மே 19

ஸ்ட்ரூவனை நீக்கிவிட்டார்கள்.

ஜூலை 26

கீழ் லீக்கில் முதல் ஆட்டம். கூட்டம் பாதிகூட இல்லை. ஸ்ட்ரூவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்வரிசையில் ஒருவன், "எதிர்க்காத்து மகராசன் வந்துட்டாருடோய்" என்று ஆரம்பித்தான். எழுந்து திரும்பி, அவன் பாட்டன் பூட்டன் வரை இழுத்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

"மெதுவாக்கா. முதல் ஆட்டத்திலேயே உன்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"வாயை மூடிக்கிட்டு ஆட்டத்தைப் பாரு."

பார்த்தான். நாளைக்குச் சாப்பிட வருகிறான்.