கம்பெனி கொடுத்த நைலான் சேலை

புரட்டாசி, வெள்ளிக்கிழமை

சமூகப் பொறுப்பு விழாவில் எங்கள் பட்டாசுக் கம்பெனி பெண்களுக்கு நைலான் சேலை கொடுத்தது. உரசினால் பொறி பறக்கும் என்று ஆலைக்குள் நைலானுக்குத் தடை போட்டதும் இதே கம்பெனிதான். இன்று செல்வியக்கா வெடிமருந்து செலுத்தும் அறைக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நூல் சேலை கட்டிட்டு வாங்கக்கா."

"மொதலாளி ஆசையாக் குடுத்தது தம்பி. கட்டாட்டி நன்றி கெட்டவள்னு நெனைக்க மாட்டாகளா? கம்பெனியை நம்ம வீடா நெனைங்கன்னு நீங்கதான பேசுனீக?"

போர்மேன் என்ற முறையில் விழாவில் அப்படிப் பேசியது நான்தான். மேனேஜரிடம் ஓடினேன்.

"நாளைக்கு மொதலாளி போட்டோ எடுக்க வாராக. எல்லாரும் அதைக் கட்டிக்கிட்டே மருந்து செலுத்தட்டும். விசுவாசம் தெரியணும்ல" என்றார்.

செல்வியக்காவை மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. அழுதுகொண்டே போனார்.

மழை பெய்தால் நாளை வேலை கிடையாது. இரவு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வானம் நிறைய நட்சத்திரம்.