என் பெயருக்கு மேல் உன் முகம்

இன்று பழங்காநத்தத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். கவரைப் பிரித்ததும் அந்தப் பளபளப்புத் தாளின் வாசனை வந்தது. உடனே நீ வந்துவிட்டாய். அன்று இதே கடையில், போட்டோக்காரர் எத்தனை முறை சொல்லியும் நான் நிமிரவில்லை. நீ அவருக்குப் பின்னால் நின்று முகத்தைக் கோணிக் காட்டித்தான் என்னை நிமிர வைத்தாய்.

நம் இருவர் படங்களும் ஒரே கவரில் இருந்தன. கல்லூரியில் வாக்காளர் பெயர் சேர்க்கும் முகாமில் எனக்கும் சேர்த்து நீதான் வரிசையில் நின்றாய். நான் தூணோரம் நின்றேன். அட்டைகள் வந்தபோது என் பெயருக்கு மேல் உன் முகம், உன் பெயருக்கு மேல் என் முகம். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். நீ சிரித்தாய்.

"விடுடி. என் மூஞ்சிய வச்சாவது நாலு பேரு முன்னாடி பேசு."

மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அதற்குள் ஓட்டுப்போடும் நாளும் வந்து போனது. விரலைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல். ஆட்டோவில் ஏறும்போது "வாரேன்டி" என்றாய்.

இந்த வருடம் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்த்தார்கள். நம் இரண்டு வீடும் இருக்கும் காம்பவுண்டுக்கு, சரிபார்க்கும் அக்கா படம் அச்சிட்ட படிவங்களோடு வந்தபோது நான் வேலையில் இருந்தேன், அப்பா கொத்து வேலைக்குப் போயிருந்தார். அப்பாவின் படிவத்தை மட்டும் அந்த அக்கா கதவில் செருகிவிட்டுப் போயிருந்தார். என்னுடையதும் வரும் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

வரைவுப் பட்டியலில் என் பெயர் இல்லை. நீக்கியவர்கள் பட்டியலில் இருந்தது. காரணம்: இறப்பு.

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுதியிருக்கும் அரசுத் தேர்வுதான் அவருக்குக் கண்ணுக்குள் நின்றது. "இதுல செத்துட்டான்னு எழுதிட்டா, நாளைக்கு வேல குடுக்குற எடத்துலயும் அப்படித்தானத்தா சொல்லுவாக?" என்றார். அப்படியெல்லாம் ஆகாது என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் போனில் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடந்ததை அந்த அக்காவே சொன்னார். என் படிவத்தில் இருந்த உன் முகத்தைப் பக்கத்து வீட்டில் காட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை இறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். பெயரை யார் கேட்டார்கள்? உன்னைக் காம்பவுண்டே வீட்டில் கூப்பிடும் பெயரில்தானே அறியும். உன் படிவத்தை உங்கம்மாவிடம் காட்டி, இந்தப் பெண் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். எழுத்துப் படிக்கத் தெரியாத உங்கம்மா, அதில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கா, நல்லாருக்கா" என்றாராம். யாரும் பொய் சொல்லவில்லை. பட்டியலில் நீ உயிரோடு இருக்கிறாய்.

இரண்டையும் சேர்த்துத்தான் திருத்த முடியும் என்றார்கள். உன் பெயரை நீக்க உங்கம்மா கைநாட்டு வைக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாள்தான் உள்ளே போனேன். சொல்லி முடித்ததும் உங்கம்மா ஒன்றுதான் கேட்டார்.

"அவ பேர எடுத்தா ஒம்பேரு வந்துருமா?"

"வந்துரும்னு சொல்றாகம்மா."

"அப்ப எடுத்துரு."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து முகாமுக்கு என்னோடு வந்தார். மேசையில் என் அட்டையை வைத்தேன். வாய்க்குள்ளேயே சொன்னேன். "சத்தமாச் சொல்லும்மா, பின்னாடி ஆளு நிக்குது" என்றார் அதிகாரி.

"இது நான் இல்ல சார். இவ செத்துப்போயிட்டா. நான் உயிரோட இருக்கேன்."

உங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை யார் கேட்டாலும் நீ ‘இப்ப இல்ல’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

புதுப் படத்தோடு விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். தேதி சொல்லவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறேன். இன்னொரு அதிகாரி முன்னால் அதையே மறுபடி சொல்ல வேண்டும். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நான் உயிரோடு இருப்பதைச் சொல்ல வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதுதான் இன்னும் வரமாட்டேன் என்கிறது.